ஒவ்வொரு தடவையும் வேற அழுகை

மூன்றாவது தடவையும் அம்மா செத்துப்போனாள்.

வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போனது. கரையில் நின்ற குழந்தை, "அம்மா, வந்துடும்மா! இனிமே சேட்டை பண்ண மாட்டேம்மா!" என்று தொண்டை கிழியக் கதறியது. முதலாளி கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு அழுகை வரும் என்பதே அந்த அலுவலகத்துக்குப் புதுச் செய்தி. மற்றவர்களை அழவைப்பதுதான் அவர் வழக்கம்.

"என் விரல் வழுக்குச்சு, அவ போயிட்டா. நானே கொன்ன மாதிரி இருக்குய்யா!"

எதிரே நின்ற கதைக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறவர் என்பதால் அலுவலகத்தில் அதுவே அவருக்குப் பெயர். இன்று முதலாளிக்குப் பிடிக்காமல் போனால் இவருடைய குழுவையே கலைத்துவிடுவதாகப் பேச்சு. கேமில் அழும் குழந்தைக்குக் குரல் கொடுத்த பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்ததால், கதைக்காரரின் மனைவியும் ஐந்து வயது மகளும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மத்த கேம்ல கதை ஒரு பக்கம் போகும், ஆட்டம் ஒரு பக்கம் போகும். இதுல நான் தோத்தா அதுதான் கதை" என்றார் முதலாளி. "அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற அழுகை! ஒரே அழுகையைத் திருப்பிப் போட்டிருந்தா, சும்மா பொம்மைதானேன்னு விட்டிருப்பேன்."

மறுபடி பட்டனை அழுத்தினார். அம்மா ஈரத்தலையோடு கரையில் எழுந்து நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் சோபாவில் இருந்த மகள், பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு பேர் முன்னால் பேர் சொல்லவே முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பெண், இதை எங்கே கற்றுக்கொண்டாள்? இப்படி ஓர் அழுகையைப் பெற்றவள் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கேட்டிருக்கிறாள், டாக்டர் வெளியே வந்து கையை விரித்த பிறகு.

ஒலிப்பதிவை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. "நீ பக்கத்துல இருந்தா அவளுக்கு நடிப்பு வராது. டியூட்டியில இருந்து போனும் பண்ணாதே" என்பது கணவரின் கட்டளை. ஒலிப்பதிவு நடந்த நாட்களில் அவள் வீடு திரும்பினால் போதும், மகள் வாசலுக்கே ஓடி வந்து கன்னத்தையும் மூக்கையும் தடவித் தடவிப் பார்ப்பாள். தூங்கும்போதுகூடப் பிடித்த விரலை விடமாட்டாள். பெற்றவள் பூரித்துப்போவாள்.

முதலாளி அந்தச் சிறுமியிடம் குனிந்தார். "ஏம் பாப்பா, எப்படிம்மா இவ்வளவு நல்லா அழறே?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அவளுக்கு வெட்கம் சார்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"சரிய்யா, வெளியிட்டுடலாம். உன் ஆளுங்க யாரும் எங்கேயும் போக வேண்டாம்" என்று முதலாளி எழுந்தார். "ஆனா ஒண்ணு. கடைசி ஆத்துல நிறைய பேர் தோப்பாங்க. அங்க இன்னும் கொஞ்சம் அழுகை வேணும்."

"நாளைக்கே எடுத்துடறேன் சார். இவளுக்கு நாளைக்குப் பகல் டியூட்டிதான்" என்று கதைக்காரர் மனைவியைக் காட்டினார்.

அறையில் இருந்த குழுவினர் எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டியாடி தங்கம்? நாளைக்கும் நீதான் அழணுமாம்!"

மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நாளைக்கும் நீ செத்துப்போயிடுவியாம்மா?"