நாற்பது பேருக்கு இடமில்லை

"ஏம்பா, என் கண்ணு கெட்டுப்போச்சா, இல்ல உன் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா? இன்னாய்யா இது, எழுத்தா எறும்பா?"

மேனேஜர் நம்பிராஜன் போட்ட சத்தத்தில் லைனில் நின்றவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். இசக்கிசெல்வி மட்டும் தூக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தத் திரையைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

காருக்குள் ஓடும் வயர்களைச் சேர்த்துக் கட்டும் கம்பெனி அது, ஒரகடத்தில். தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்த வனமாமலைதான் திரையை மாட்டச் சொன்னவர். லைனில் நிற்கும் நாற்பது பேரின் பெயரும், ஒரு கட்டு முடிக்க ஆகும் நேரமும், தப்பான கட்டுகளின் எண்ணிக்கையும் தமிழில் தெரிய வேண்டும். வேகமானவர் மேலே, மெதுவானவர் கீழே. கடைசி ஐந்து பேர் சிவப்பில். ஒரு வாரம் சிவப்பிலேயே கிடந்தால் வேலை போய்விடும்.

இசக்கிசெல்வி பேக்கிங்கிலிருந்து லைனுக்கு மாறி வந்தது இப்போதுதான். கை இன்னும் பழகவில்லை. ஊர் கோவில்பட்டிப் பக்கம். திரும்பிப் போனால் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ்தான்.

திரை பொருத்த வந்த இன்ஜினியர் இனியவன், உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை போர்டைக் காட்டினான்.

"மொத்தக் கம்ப்யூட்டரும் இந்த ஒரு போர்டுதான் சார். குறுக்கே அறுநூத்தி நாப்பது, நெடுக்க நானூத்தி எண்பது, அவ்ளோ புள்ளிதான் இதால காட்ட முடியும். நாப்பது பேரையும் போட்டா ஒரு வரிக்குப் பன்னெண்டு புள்ளிதான் கெடைக்குது. கொம்பு, சுழி எல்லாம் ஒண்ணா ஒட்டிக்குது. பதினாறு பேர்னா தெளிவா தெரியும்."

"அப்ப புள்ளியக் கூட்டுய்யா!" என்றார் நம்பிராஜன்.

"போர்டு தாங்காது சார்."

"பக்கம் பக்கமா மாத்திக் காட்டலாமே?" என்று கேட்டார் வனமாமலை.

நம்பிராஜன் முந்திக்கொண்டார். "காட்டலாம் சார். ஆனா ஒவ்வொருத்தரும் தன் பேரு எப்ப வரும்னு அண்ணாந்து பாத்துக்கினே நிப்பாங்க. லைன் நின்னுபூடும்."

"சரி, கடைசிப் பதினாறு பேரை மட்டும் போடுங்க."

இசக்கிசெல்வி அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"போடலாம் சார். கஸ்டமர் கம்பெனிக்காரங்க சுத்திப் பாக்க வரச்சொல்ல, நம்ம லைன்ல யார் யார் லேட்டுன்றதுதான் மொதல்ல அவங்க கண்ணுல படும். பரவாயில்லையா?" என்றார் நம்பிராஜன்.

வனமாமலை முகத்தைச் சுளித்தார். "வேற போர்டு கிடைக்காதா?"

"வெளிநாட்டுலேர்ந்து வரணும் சார். மாசக்கணக்கா ஆகும்" என்றான் இனியவன்.

"வேலை தெரியாத ஆளா பாத்து அனுப்பறானுங்க பாருங்க சார்!" நம்பிராஜன் மறுபடி அவன்மேல் பாய்ந்தார். அத்தனை பேர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினார். இனியவன் தலை குனிந்து நின்றான். கடைசியில் வனமாமலைக்கே பொறுக்கவில்லை.

"விடுங்க நம்பிராஜன். முதல் பதினாறு பேரையே போடட்டும். நல்லா செய்றவங்களுக்கு ஒரு பாராட்டா இருந்துட்டுப் போகட்டும். சிவப்பெல்லாம் வேணாம்." சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போனார்.

ஷிஃப்ட் முடிந்தபோது திரையில் பதினாறு பெயர்கள் பளிச்சென்று எரிந்தன. இசக்கிசெல்வியின் பெயர் அதில் இல்லை. ஒரு பட்டியலில் தன் பெயர் இல்லாததற்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. ஆனாலும் அந்த இன்ஜினியர் வாங்கிய ஏச்சு மனசை அறுத்தது. கேட் அருகே தோள்பையோடு பஸ்ஸுக்கு நின்றவனிடம் போனாள்.

"அண்ணே, எங்க நல்ல நேரம், ஒங்க போர்டு சின்னதாப் போச்சு. ஆனா அதுக்காவ அந்த மனுசன் ஒங்கள இந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாது. ஈவு எரக்கமே கெடையாது அவருக்கு."

இனியவனால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. அந்த போர்டு நெடுக்கவே ஆயிரத்துக்கு மேல புள்ளி காட்டும். நாப்பது பேரும் தாராளமா தெரிவீங்க."

"பெறவு ஏன் முடியாதுன்னு சொன்னிய?"

"'செவப்பு எழுத்துல பேரப் பாத்தா பழகுற கையும் நடுங்கும்பா, முடியாதுன்னு சொல்லிடு, நான் எவ்ளோ திட்டுனாலும் வாங்கிக்க'ன்னு காலையிலயே எனக்கு போன் பண்ணாரும்மா, உங்க நம்பிராஜன் சாரு."