ஜன்னல் திரை

புரொஜெக்டரை மாட்டி முடித்த செல்வின், சோதித்துப் பார்க்க ஒரு படம் கேட்டான். முப்பது வயதில் இறந்துபோன கணவரின் போட்டோவைப் போடச் சொன்னாள் பிலோமினா. மதிய வெளிச்சம் நிறைந்த சுவரில் தெரிந்தவருக்குத் தலையும் மீசையும் நரைத்திருந்தன.

"கறுப்பு எங்க தம்பி?"

"கறுப்ப எந்த மெஷினும் அடிக்காதும்மா. வெளிச்சம் படாத எடந்தான் கறுப்பு. ஜன்னல் திரைய மூடுங்க, சரியாயிடும்."

மூடினாள். மீசை கருகருவென்று ஆனது. செல்வின் வயதுதான் இருக்கும் அவருக்கு. திறந்தாள், நரைத்தார். மறுபடி மூடினாள், திறந்தாள்.

"லூமென்ஸ், அதான் வெளிச்சம், கூடுன மாடல் இருக்கும்மா. பகல்லயும் கறுப்பு நல்லா தெரியும். மாத்தித் தரட்டுமா?"

"வேண்டாம்பா."

திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு, சுவரோரம் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வெள்ளைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"இப்ப ஒரு போட்டோ எடு தம்பி."