இரண்டு டிகிரி

"நேத்து இங்கன யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களா, தங்கச்சி?"

மார்கழியில் ஒரு நாள், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு சகாயவினோத் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மிளகாய்ச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த உமாமகேஸ்வரி நிமிர்ந்தாள். ரோட்டோரத்து ஈரத்தைக் கை காட்டினாள். முந்தின நாள் தண்ணீர் லாரியின் குழாய் பிடுங்கிக்கொண்டு, டேங்க் முழுவதும் அங்கேதான் கொட்டியிருந்தது.

"அதான பார்த்தேன். கமுதி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன், ஸ்கிரீன்ல இந்த இடம் மட்டும் ரெண்டு டிகிரி குறையுது!"

அது எப்படி என்று கேட்க அவளுக்கு ஆசை. கேட்கவில்லை. அவனே சொன்னான். சோலார் மின்சாரம் போகும் கேபிள் இந்த மண்ணுக்கடியில் ஓடுகிறது. கூடவே தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சத்தை அனுப்பினால் கொஞ்சம் திரும்பி வரும். வருவதை வைத்து எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே கேபிள் இழுபடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

"இங்கன ஒண்ணுன்னா அங்கன எனக்குத் தெரிஞ்சிரும்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அதுவரை யாரும் எதையும் இவ்வளவு பொறுமையாக விளக்கியதில்லை.

பொங்கல் கழிந்த புதன்கிழமை, ஊருணியிலிருந்து வரும் வழியில், அக்கம் பக்கம் பார்த்துவிட்டு ஒரு குடம் தண்ணீரை அந்த இடத்தில் சாய்த்தாள்.

மறுநாள் மோட்டார் சைக்கிள் வந்தது.

"மறுபடியும் ரெண்டு டிகிரி குறைஞ்சிருச்சு. யாரையும் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள். முதல் தடவை 'தங்கச்சி' என்றவன், இந்தத் தடவை எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை என்பது படுக்கையில்தான் அவளுக்கு உறைத்தது.

அதன்பிறகு புதன்தோறும் ஒரு குடம். வியாழன்தோறும் அவன்.

"எங்க தங்கச்சிமடத்துல சுத்தியும் கடலு. குடிக்கிறதுக்கு மட்டும் உங்களை மாதிரியே குடத்தோட அலையணும்" என்பான். அவன் பேசுவான், அவள் கேட்பாள். பத்து நிமிடம். பிறகு வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

அம்மா நாகலெட்சுமிதான் சந்தேகப்பட்டாள்.

"ஏண்டி, ரெண்டு குடத்தோட போனவ ஒரு குடத்தோட வார. மத்ததை வழியில பேயா குடிச்சிச்சு?"

"தடுக்கிருச்சும்மா."

"புதன்கிழமையானா மட்டும் தடுக்குமோ?"

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை அவன் முகம் வாடியிருந்தது.

"எங்க சார் ரொம்ப ஏசுறாரு. வேலையை விட்டே தூக்கிருவேங்குறாரு. அடுத்த வாரம் அவரே இங்க வாராராம்."

உமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த புதன்கிழமை இரண்டு குடமும் நிறைகுடமாக வீடு வந்து சேர்ந்தன. ஆனாலும் வியாழக்கிழமை, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஜீப் வந்து நின்றது. அதிகாரி சேதுராமன் இறங்கும்போதே கத்தினார்.

"இந்த இடந்தானலே? ரெண்டு மாசமா வாரா வாரம் இங்க வார. இன்னும் முடியலைங்குற. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

சகாயவினோத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

களத்தில் வத்தல் கிண்டிக்கொண்டிருந்த உமா எழுந்தாள். வெளி ஆட்களிடம் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே கிடையாது. ஆனாலும் ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

"சார்... அவரை ஏசாதீங்க. நான்தான்."

"நீயா? என்னம்மா?"

"நான்தான் புதன்கிழமை புதன்கிழமை இங்கன தண்ணி ஊத்துனேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. இனிமே ஊத்த மாட்டேன் சார். வேலையை விட்டுத் தூக்கிராதீங்க."

சேதுராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் போய்க் குழப்பம் வந்திருந்தது.

"நீ தண்ணி ஊத்துனா எங்களுக்கு என்னம்மா?"

"ரெண்டு டிகிரி குறையுதுன்னு... அதைப் பார்த்துட்டுத்தானே அவரு..."

"எதுல பார்த்துட்டு? பொங்கலுக்கு முந்துன நாளே ஜேசிபி வெட்டி, அந்தா அந்தப் பாலத்துக்கிட்ட இழை அத்துப்போச்சு. அதை ஒட்டத்தான் இவனை அனுப்புறேன். இவன் வாரா வாரம் பெட்ரோலைப் போட்டுக்கிட்டு வந்து, முடியலை சார்னு திரும்பிருறான். இந்தப் பக்கம் வெயிலா மழையான்னுகூட ரெண்டு மாசமா எங்க ஸ்கிரீன்ல தெரியாது. ரெண்டு டிகிரி குறைஞ்சிச்சுன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

உமா மெல்லத் திரும்பிச் சகாயவினோத்தைப் பார்த்தாள்.

அவன் இழை ஒட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாலம் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, நேர் எதிர்த்திசையில் விறுவிறுவென்று நடந்து போய்க்கொண்டிருந்தான்.