வராத யானைக்கு ஒரு பெட்டி

"ஏனுங்க தம்பி, தோட்டத்துல காட்டெருமை பூந்தாக்கூட இதுல பதியலாமா?"

வாசுகி கணினித் திரையைப் பார்த்துக் கேட்டாள். குந்தாப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் பதினாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். ஆள் நம்பர் நூற்றுப் பதினெட்டு.

"பதியலாங்க அக்கா. காட்டெருமை, யானை, உறைபனி, மழை, எதுனால வேலை நின்னாலும் அதுக்குன்னு ஒரு கிளாஸ் எழுதி வச்சிருக்கேன். தனித்தனிப் பெட்டின்னு வச்சுக்கங்க. மொத்தம் நாப்பத்தொரு பெட்டி," என்றான் ஸ்ரீராம். குன்னூரில் நாலே பேர் வேலை செய்யும் மென்பொருள் கம்பெனியின் ஆள் அவன்.

மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். வாசுகி ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் திங்கட்கிழமை முதல் கணினி. இல்லையென்றால் பழைய வருகைப் பதிவு நோட்டே போதும். அவனுடைய மூன்று மாத உழைப்பு அவள் தலையசைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஓர் ஆளுக்கு லீவு பதிந்து பார்த்தாள். இலை எடையை ஏற்றிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக வந்தது.

"அப்ப சரின்னு சொல்லிரலாமாக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. இலை பறிக்கிற ஆளு சூப்பர்வைசர் ஆனா?"

"ஆக முடியாதுங்க."

"யாரு சொன்னது?"

"இதுல முடியாதுன்னு சொல்றேன். பறிக்கிறவங்க ஒரு கிளாஸ், சூப்பர்வைசர் வேற கிளாஸ். எதுல பொறந்தாங்களோ, கடைசி வரைக்கும் அதுதான்."

"கம்ப்யூட்டர்லயும் பொறப்புப் பாக்குறாங்களா?"

ஸ்ரீராமுக்குக் காது சூடானது. "அப்படி இல்லீங்க. வேணும்னா பேரை எடுத்துட்டுப் புது ஆளாச் சேத்துக்கலாம்."

"பழைய சர்வீஸு?"

"அது... மொதல்ல இருந்து எண்ணும்."

வாசுகி மடியில் இருந்த துணிப்பையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு வருஷ நோட்டைப் புரட்டிட்டுத்தான் எழுதினேன்கா. பறிக்கிற ஒருத்தர்கூட சூப்பர்வைசர் ஆனதில்ல. நடக்காததுக்கெல்லாம் எழுதினா சிக்கலாயிரும்."

"அந்த நோட்டுல யானை எத்தனை தடவை வந்திருக்குது?"

ஸ்ரீராம் யோசித்தான். "ஒரு தடவையும் இல்லீங்க."

"வராத யானைக்கு ஒரு பெட்டி. எங்களுக்கு ஏறிப் போக ஒரு படி இல்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு திரையை உற்றுப் பார்த்தான். இரண்டு பெட்டியிலும் இருந்தவை அதே கட்டங்கள்: பெயர், நம்பர், சேர்ந்த தேதி. செய்யும் வேலை மட்டும்தான் வேறு. அதற்கா இத்தனை சுவர்?

விசைப்பலகையை முன்னால் இழுத்தான்.

"என்ன பண்றீங்க?"

"பெட்டிகளை உடைக்கிறேன். எல்லாருமே ஆளுதான். வேலைன்னு பக்கத்துல ஒரு கட்டம். மாறினா மாறிட்டுப் போகட்டும்."

நிரந்தர ஆள், தற்காலிக ஆள், ஃபேக்டரி ஆள் எல்லாம் ஒன்றாயின. யானையும் உறைபனியும் 'காரணம்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கின. முதலில் கை கூசியது. பத்தாவது பெட்டிக்குப் பிறகு விசிலடித்துக்கொண்டே அழித்தான். மதியச் சங்கு ஊதும்போது ஆறே பெட்டிகள் மிச்சம்.

"கிளையை வெட்டிக் கவாத்துப் பண்ணுன செடியாட்டம் இருக்குது," என்றாள் வாசுகி.

"இனிதான் நல்லாத் துளிர்க்கும். யாரு நம்பரைப் போட்டுப் பாக்கலாம்?"

"என்னுதே போடுங்க."

நூற்றுப் பதினெட்டு. வேலை: சூப்பர்வைசர். திரை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. சர்வீஸ் பதினாறு வருடம், அப்படியே இருந்தது.

வாசுகி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சரியா இருக்குது தம்பி. மேனேஜர்கிட்டச் சொல்லிர்றேன்."

ஸ்ரீராமுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நன்றாகப் பசித்தது. "சந்தோசங்க அக்கா. இந்தச் சோதனைப் பதிவை மட்டும் அழிச்சிட்டுக் கெளம்புறேன்."

"அழிக்காதீங்க."

துணிப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவன் முன் விரித்தாள். போன வாரமே மேனேஜர் கையெழுத்துப் போட்ட உத்தரவு: ஆள் நம்பர் நூற்றுப் பதினெட்டு, வாசுகி, திங்கட்கிழமை முதல் சூப்பர்வைசர்.