தடயமில்லாத பெண்

கெலமங்கலம் கல்யாண மண்டபத்தில் அன்று இணையப் பாதுகாப்பு வகுப்பு. ஏற்பாடு செய்தவர் ஊர்ப் பெரியவர் கங்கப்பன். வீட்டுப் பெண் பிள்ளைகளின் மானத்தைக் காப்பது எப்படி என்பது தலைப்பு. ஆகவே பெண் பிள்ளைகள் யாரையும் அவர் அழைக்கவில்லை.

பங்காளி வீட்டு இளைஞர்கள் நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். கைப்பேசியை மடியில் மறைத்து நோண்டியபடியே, கைப்பேசியின் ஆபத்துகளைப் பற்றிக் கேட்டார்கள்.

சைபர் கிரைம் சப்-இன்ஸ்பெக்டர் எஸ்லின் சுருக்கமாகவே பேசினார்.

"இன்னைக்கு நீங்க போடற ஒரு போட்டோ, ஒரு கமெண்ட், அழிச்சாலும் எங்கயாவது கிடக்கும். நாளைக்கு வேலை கொடுக்கறவங்க பார்ப்பாங்க, பொண்ணு கொடுக்கறவங்க பார்ப்பாங்க. அதுதான் டிஜிட்டல் தடம். எதிர்ல பேசறது நிஜமான ஆளான்னு பார்த்துட்டு அப்புறம் பழகுங்க. சந்தேகம் வந்தா கூச்சப்படாம புகார் கொடுங்க."

கங்கப்பன் மைக்கை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்பது அவர் வயதுக்குத் தரும் மரியாதை.

"என் மக பிரியதர்ஷினி எம்.எஸ்சி. படிச்சிருக்கா. நெட்டுல தேடிப் பாருங்க. துளி தடம் கிடைக்காது!"

உண்மைதான். மகளின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து அழிக்க வைத்தார். கல்லூரியின் இணையப் பக்கத்தில் பட்டமளிப்பு விழாப் படம் ஒன்று மிச்சமிருந்தது. முதல்வர் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து அதையும் சரிசெய்தார். இப்போது அந்தப் படத்தில், கறுப்பு அங்கி அணிந்த தோழிகளுக்கு நடுவே, ஒரு கழுத்துக்கு மேல் பூங்கொத்து சிரிக்கிறது.

"மாமா, அப்போ மாப்பிள்ளைக்கு எப்படித்தான் காட்டுவீங்க?" பின்வரிசையிலிருந்து மணி கேட்டான்.

"தாலி கட்டறப்போ குனிஞ்சு பார்த்துக்கட்டும். உனக்கென்னடா அவசரம்?"

மண்டபமே சிரித்தது. எஸ்லின் மட்டும் சிரிக்கவில்லை.

"வரன் பார்க்கறீங்களா சார்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் மேடம். ஒரு பொறுக்கி நம்மகிட்ட மாட்டியிருக்கான்."

மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. உறவுக்காரர்கள் அவளைப் பற்றி அளவுக்கு மீறிய கனிவோடு விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கனிவைத்தான் கங்கப்பனால் தாங்க முடியவில்லை. இந்த ஆண்டு கல்யாணம் முடியாவிட்டால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று, திருமணத் தகவல் தளத்தில் பதிவு செய்தார். விமல்ராஜ் என்பவன் தொடர்புகொண்டான். ஓசூர் கம்பெனியில் இன்ஜினியர், சிங்காரப்பேட்டைப் பக்கம் நிலம், பொருந்திய ஜாதகம். எல்லாம் சரியாக அமைந்த பிறகு பையன் தன் புத்தியைக் காட்டிவிட்டான்.

"பொண்ணு போட்டோ வேணும்னான் மேடம். முடியாதுன்னேன். வீடியோ கால்ல ரெண்டு நிமிஷம் பேசலாமான்னான். அதுவும் முடியாதுன்னேன். சரி, நேர்ல வந்து பார்க்கறோம், அட்ரஸ் சொல்லுங்கன்னான். என்ன தைரியம் பாருங்க!"

"நீங்க அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"முறைப்படி கேக்க வேண்டியதைக் கேட்டேன். ஆதார், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், நிலத்துப் பட்டா. எங்க வீட்டுப் படி ஏறணும்னா இதையெல்லாம் முதல்ல பார்த்தாகணும். எங்க வழக்கம் அது."

"கொடுத்தாரா?"

"பாதிதான் அனுப்புனான். மீதி கேட்டா, பொண்ணு குரலையாவது ஒரு தடவை கேக்கலாமாங்கறான். என் குரல் போதும்டான்னு போனை வெச்சுட்டேன்."

இளைஞர்கள் கை தட்டினார்கள்.

"எந்த நம்பர்லேர்ந்து பேசினீங்க சார்?"

"உங்களை வகுப்புக்குக் கூப்பிட்டேனே, அதே நம்பர்தான். ரெண்டு நம்பர் வெச்சுக்கற ஈனப்புத்தி எனக்குக் கிடையாது."

"இதையெல்லாம் ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?"

"தாராளமா! ஏன், அவனைப் பிடிச்சுட்டீங்களா?"

"காலையிலேர்ந்து அங்கதான் இருக்கார். அப்பா அம்மாவும் கூட இருக்காங்க."

"குடும்பத்தோடவா? நான் அப்பவே நெனச்சேன்!"

கங்கப்பன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போலீஸ் ஜீப்பை நோக்கி நடந்தார். இளைஞர்கள் வீடியோ எடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தடுக்கவில்லை.

"எல்லா குரூப்லயும் போடுங்கடா. பார்த்தாவது நாலு பேர் திருந்தட்டும்."

ஜீப் புறப்பட்ட பிறகு எஸ்லின் மெதுவாகச் சொன்னார்.

"விமல்ராஜ்தாங்க புகார் கொடுத்தது. போன மாசம் அவர் கம்பெனியிலயும் நான் இதே வகுப்பு எடுத்தேன். பொண்ணே இல்லாம வரன் பேசி, ஆவணங்களைப் பறிக்கற கும்பல்னு உங்க நம்பரைக் கொடுத்திருக்கார். நாங்களும் தேடிப் பார்த்தோம். அப்படி ஒரு பொண்ணு இருக்கறதா நெட்டுல எந்த அடையாளமும் இல்லை. நிஜமாவே இருந்தா, போன் போட்டு வரச் சொல்லுங்க சார்."

அன்று மாலை, கங்கப்பன் மோசடிப் பேர்வழி அல்ல என்பதற்கு ஒரே சாட்சியாகக் காவல் நிலையத்துக்கு வந்து நின்ற பிரியதர்ஷினியை, மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே பெண் பார்த்து முடித்தார்கள்.