வெய்யில்ல வெந்த சோறு

கிருஷ்ணாயிலுக்கு ஊரே க்யூவில் நின்ற வருஷம் அது. ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் கவுன்சிலர் கோதண்டன் சூரிய அடுப்பில் அரிசிப் பானையை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"வெய்யில்ல இன்னா வேவும்? வேவலேன்னா அடுத்த எலெக்‌ஷனுக்கு ஓட்டு கேட்டு வராதீங்க!" என்று கூட்டம் சிரித்தது.

மத்தியானம் மூடியைத் திறந்தார். சோறு பூவாய் வெந்திருந்தது. கைதட்டல் அடங்கவே நேரமானது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சுலோச்சனாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"சொன்ன மாதிரியே யாருக்கும் தெரியாம பானைய மாத்திட்டியே, கெட்டிக்காரி! ஸ்டவ்லதானே ஆக்கினே?"

"நான் எங்கங்க மாத்தினேன்? ஸ்டவ் பத்தவைக்க கிருஷ்ணாயில் ஏது? நீங்க வெச்ச பானைதான் அது."

கோதண்டன் ஜன்னல் வழியே வெய்யிலை எட்டிப்பார்த்தார்.

"நெசமாவே வேவுதா? அப்போ நமக்கும் ஒண்ணு வாங்கணுமே!"