கையை மடக்கிக்கொண்ட மருது

ஒரு குடலின் சுவரில் பேச்சி, மருது என்று இரண்டு செல்கள் பக்கம் பக்கமாக இருந்தன. சுவரில் எல்லாரும் கை கோத்துத்தான் நிற்கணும். விட்டால் சுவர் பிரிந்துவிடும்.

மருது கொஞ்ச நாளாகவே நெளிந்தான். “பிடியை விடு பேச்சி, மூச்சு முட்டுது.”

“ஒனக்கு மட்டுந்தான் முட்டுதாக்கும். சுவர் ஓட்டையாயிரும், பேசாம நில்லுலே.”

பேச்சி எவ்வளவு இறுக்கி என்ன? பெரிய இவன் மாதிரி அவன் தன் கையையே உள்ளே மடக்கிக்கொண்டான். பிடிக்க ஒன்றுமில்லை. தான் பிளந்து பெற்ற பிள்ளைகளைப் பேச்சியின் பக்கத்திலேயே போட்டுவிட்டு, ரத்தத்தில் நழுவிப் போய்விட்டான்.

பிறகொரு நாள் சிவப்பணு ஒன்று சேதி கொண்டுவந்தது. “ஒங்க மருது கல்லீரல்ல கட்டியா ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்கான். கல்லீரல் திணறிக்கிட்டுக் கெடக்கு. அங்க பெத்த பிள்ளைங்களை எல்லாம் ஒழுங்கா கை கோத்து நில்லுங்கன்னு அதட்டுதான்.”

பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இங்க கோக்கத்தான் அவனுக்கு வலிச்சுதோ?”

பக்கத்தில் நின்ற மருதுவின் மூத்த மகன் நெளிந்தான்.

“அத்தை, கையைக் கொஞ்சம் விடுங்களேன். மூச்சு முட்டுது.”